மூடிய சுவரும் மூச்சு விடும் சுவரும்

நம் சங்கத்தின் சென்ற ஆண்டு விழாவில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். "நீங்கள் ரயில்வேயில் கட்டடப் பிரிவில் இருந்தவர்தானே சார்? எங்கள் வீட்டுச் சுவரில் பழைய வால்பேப்பர் இருக்கிறது. அதன் மேல் பெயின்ட் வேறு அடித்திருக்கிறோம். அதை எப்படி உரிப்பது?" என்று கேட்டார். பந்திக்கு அழைப்பு வந்துவிட்டதால் பாதியில் எழுந்து போய்விட்டோம். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை அது. அவருக்காகவும், அவரைப் போன்ற பிற அன்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இதில் நான் நிபுணன் இல்லை, குற்றவாளி! அந்தத் தாளை என் வீட்டில் ஒட்டியவனும் நானே, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து உரித்தவனும் நானே.

ஒட்டிய கதை

மைசூரில் நாங்கள் குடியிருக்கும் வீடு லட்சுமிபுரத்துப் பக்கம் இருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் செங்கல் வைத்துக் கட்டி, மெட்ராஸ் டெரஸ் போட்ட பழங்காலத்து வீடு. 1994-ல் வாங்கினேன். தெருப் பக்கத்து அறையில் ஒரு சுவர் மட்டும் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்பு அரித்து உதிர்ந்துகொண்டே இருக்கும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

1998-ல் என் மைத்துனியின் நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில் நடப்பதாக முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரப் போவது அந்த அறையில்தான். நாள் இருந்ததோ இரண்டே வாரம். எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. பிளாஸ்டிக் மேல்பூச்சுள்ள வினைல் வால்பேப்பர் கடைகளுக்கு வந்திருந்த காலம் அது. வாங்கி வந்து, மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பூச்சி வராமல் இருக்கச் சிட்டிகை மயில்துத்தம் கலந்து, ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டே நாளில் ஒட்டி முடித்தேன். அறை மாளிகை மாதிரி ஆகிவிட்டது.

என் மனைவி மட்டும் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, மூடி வெச்சா சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

"நான் இன்ஜினியரா, நீ இன்ஜினியரா?" என்றேன். நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. நானும் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

2006-ல் தாளின் ஓரங்கள் பழுத்துக் கிளம்பின. அதன் மேலேயே எனாமல் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். 2013-ல் மறுபடியும் ஒரு கோட்டு, இந்த முறை இளம்பச்சை. பிறகு அந்தச் சுவரையே மறந்துபோனேன்.

சுவர் திறந்தது

மகள் புணேயில் இருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்குக் குழந்தையுடன் வந்தவள் அந்த அறையில்தான் படுத்தாள். பேரனுக்கு அப்போது மூன்று வயது. இரவு முழுவதும் இருமல். பகலில் வெளியில் ஓடி விளையாடினால் சரியாக இருக்கிறான், இரவில் மறுபடியும் இழுப்பு. நான்காம் நாள் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டில் ஈரச் சுவர் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை 1998-லிருந்து வந்த பார்வை.

வீட்டுக்கு வந்து கட்டிலை நகர்த்தி, தாளின் ஓர் இணைப்பைக் கத்தி முனையால் கிளப்பினேன். தோல் உரிவதுபோல் ஒரு துண்டு கையோடு வந்தது. பின்பக்கம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். நான் காய்ச்சி ஊற்றிய மைதாப் பசை அத்தனையும் அதற்குச் சாப்பாடாகியிருந்தது. ராமபாணப் பூச்சிகள் நாலாபுறமும் ஓடின. காரை புட்டு மாதிரி உதிர்ந்தது. அன்றே குழந்தையின் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றினோம்.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் சுவாச நோய்களும் ஆஸ்துமாவும் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. இதில் பழைய கதையும் ஒன்று உண்டு. 1775-ல் ஷீலே என்ற ரசாயன நிபுணர் பாஷாணம் கலந்த ஒரு பச்சைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் சுவர்த்தாள்களை அந்த மாதிரிப் பச்சைகளால் அழகு செய்தார்கள். ஈரச் சுவரில் அந்தத் தாள் பூஞ்சணம் பிடித்தால் நச்சு வாயு கிளம்புகிறது என்பதை 1890-களில் கோசியோ என்ற இத்தாலிய மருத்துவர் காட்டினார். என் பச்சையில் பாஷாணம் இல்லைதான். ஆனாலும் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உரிக்கும் முறை

மகளும் பேரனும் ஊருக்குப் போன பிறகு, மார்ச் மாதத்தில் வேலையைத் தொடங்கினோம். மழைக்கு முன் வெயில் வேண்டும் அல்லவா? கேட்ட நண்பருக்காகச் செய்முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். சுவரில் தண்ணீர் தெளிக்கப் போகிறோம், சுவிட்ச் போர்டு விளையாட்டுப் பொருள் அல்ல. சாமான்களை அகற்றி, தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள்.

இரண்டாவது, பழைய பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணியே வேலை செய்யுங்கள். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்தவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் துப்பில் வெங்கடேஷ் இதைப் பற்றிப் பல்லாண்டு எச்சரித்து வந்தவர். ஆகவே உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்கவே கூடாது. எல்லாவற்றையும் ஈரமாகவே செய்ய வேண்டும். என்-95 முகமூடி கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மூன்றாவது, பெயின்ட் அடிக்காத தாள் என்றால் தண்ணீர் தெளித்தாலே ஊறிவிடும். பெயின்ட் அடித்த தாள் குடை பிடித்த மாதிரி. தண்ணீர் உள்ளே போகாது. அதனால் பழைய ஹேக்சா பிளேடால் மேலாகக் குறுக்கும் நெடுக்கும் கீற வேண்டும். பெயின்ட் தோல் கிழிந்தால் போதும், காரையில் வெட்டு விழக் கூடாது.

நான்காவது, வெந்நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் ஊற்றித் தெளியுங்கள். கால் மணி நேரம் பொறுங்கள். மறுபடியும் தெளியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் சுவரைக் கெடுக்கிறார்கள். நன்றாக ஊறிய பிறகு பட்டி பார்க்கும் தகட்டைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளுங்கள். வினைல் தாளில் மேல்தோல் தனியாக வந்துவிடும். உள்தாள் சுவரிலேயே நிற்கும். அதையும் இதே போல ஊறவைத்து எடுக்க வேண்டும்.

ஐந்தாவது என் மனைவியின் கண்டுபிடிப்பு. எனாமல் தடித்திருந்த இடத்தில் எதற்கும் அசையவில்லை. ஒரு மணி நேரம் நான் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, நனைத்துப் பிழிந்த துண்டைச் சுவரில் வைத்து, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் சில விநாடிகள் அழுத்தினாள். ஆவி உள்ளே போய்ப் பசை இளகிவிட்டது. வெளிநாடுகளில் இதற்கென்றே ஆவி இயந்திரம் உண்டாம். பெட்டிக்கு மின்சாரம் வேறு அறையிலிருந்து எடுங்கள், தண்ணீர் தெளிப்பவரும் பெட்டி பிடிப்பவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யாதீர்கள். "நான் இன்ஜினியரா, நீ இன்ஜினியரா" என்று அன்று நான் கேட்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஆறாவது, தாள் போனாலும் பசை போகாது. அது இருந்தால் புதிய பூச்சு நிற்காது. ஸ்பாஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடையுங்கள். போய்விட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு டிங்சர் அயோடின் வைத்துப் பாருங்கள். மைதாப் பசை மிச்சம் இருந்தால் கருநீலமாக மாறும். பள்ளிக்கூடத்தில் படித்த மாவுப்பொருள் சோதனைதான்.

உரித்ததைத் தயவு செய்து எரிக்காதீர்கள். வினைல் புகையும் ஈயப் புகையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக் கெடுக்கும். ஈரமாகவே சுருட்டிப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒட்டுவதற்கு இரண்டு நாள் பிடித்தது என்றேன் அல்லவா? உரிப்பதற்குப் பதினொரு நாள் பிடித்தது.

மேஸ்திரி சொன்ன நோய்

தாளை எடுத்தது சிகிச்சையில் பாதிதான். ஈரம் எங்கிருந்து வந்தது? தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட, எழுபதைத் தாண்டிய கொத்தனார் மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் உள்ளே சுவரைப் பார்க்கவே இல்லை. நேராக வெளியே போனார். சுவரை ஒட்டி நான் ஆசையாக வளர்த்த பூச்செடிப் பாத்தியைக் காட்டினார். மண் போட்டுப் போட்டு அடித்தளத்து மட்டத்துக்கு மேல் ஏறியிருந்தது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் வேறு.

"சார், வெளியே தண்ணி காட்டுறீங்க. உள்ளே பிளாஸ்டிக் ஒட்டுறீங்க. செவுருக்கும் மூக்கு இருக்கு சார். அதைப் பொத்திட்டீங்க" என்றார்.

வெட்கமாகப் போயிற்று. ரயில் பாதைக்கு முதல் எதிரி தண்ணீர், இரண்டாவது எதிரி தண்ணீர், மூன்றாவது எதிரியும் தண்ணீர் என்று எனக்குப் பின் வந்த இளைஞர்களுக்கெல்லாம் பாடம் சொன்னவன் நான். வெளித்தரை ஈரத்தடுப்பு மட்டத்துக்குக் குறைந்தது அரை அடி கீழே இருக்க வேண்டும் என்பது டிப்ளமா முதல் வருடப் பாடம். ஊருக்கெல்லாம் உபதேசம் சொன்னவன் சொந்த வீட்டில் பாத்தி கட்டியிருந்தேன்.

இதில் உள்ள சூட்சுமம் இதுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் நுண்ணிய துவாரங்கள் நிறைந்தவை. மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறினாலும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். அப்படி வெளியேறும்போது உப்பு பூக்கும், வெள்ளை உதிரும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் அது சுவர் வேர்ப்பது. வினைலும் எனாமலும் அந்த வழியை அடைத்தன. ஈரம் உள்ளேயே தங்கிக் காரையைத் தின்றது. ரயில்வே குடியிருப்புகளில் முறை வைத்துச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தொட்டால் சட்டையில் ஒட்டுகிறதே என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தச் சுவர்களுக்கு இருந்த சுகம் என் மாளிகைச் சுவருக்கு இல்லை.

அடியில் இருந்த கொடி

பாத்தியை எடுத்து, தரையைத் தாழ்த்தினோம். கீழ் மூன்றடிக் காரையைத் தட்டி எடுத்தோம். மேலே இருந்த பழைய காரை உறுதியாக இருந்ததால் அதைத் தொடவில்லை. அந்த இடத்தைக் கழுவும்போதுதான், இடுப்பு உயரத்தில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஈரத் துணியால் ஒற்றினால், பச்சையும் காவியுமாக ஒரு கொடி. அச்சுத் தகடு வைத்துப் போட்ட பார்டர். இந்த வீட்டில் முதலில் குடியிருந்தவர்கள் ஆசையோடு போட்டது போலும்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேலே படிந்த வெள்ளை முழுவதையும் சுரண்டி, சுவர் நீளத்துக்கும் வெளிக்கொண்டு வரலாம் என்று தகட்டை எடுத்தேன். "இருங்க, முதல்ல யோசிப்போம்" என்றாள் மனைவி. காரை உலரவும் நாள் வேண்டும். ஆகவே வேலையை நிறுத்திவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம்.

அங்குள்ள தரியா தௌலத் மாளிகையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சுவரைப் பழுது பார்ப்பவனாகப் பார்த்தது அன்றுதான். திப்பு சுல்தான் 1784-ல் கட்டியது. மேற்குச் சுவரில் பொள்ளிலூர்ப் போர் வரையப்பட்டிருக்கிறது. நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் 1780 செப்டம்பரில் நடந்த போர் அது. ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைத் தோற்கடித்த காட்சி. அந்த ஓவியம் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக்கு முன்பே சிதைக்கப்பட்டது. 1799-ல் திப்பு வீழ்ந்த பின் அங்கே குடியிருந்த கர்னல் வெல்லெஸ்லி அதைத் திரும்ப எழுதச் செய்தார். பிறகு மறுபடியும் ஒரு பகுதி வெள்ளையடிக்கப்பட்டது. 1855-ல் டல்ஹௌசி பிரபு வந்து பார்த்து, பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த நம் நாட்டு ஓவியர் ஒருவரைக் கொண்டு மீண்டும் வரையச் செய்தார். அதாவது இன்று நாம் பார்ப்பதில் ஒரு பங்கு ஒரு மனிதரின் ஞாபகம். அவர் ஞாபகம் வைத்திராவிட்டால்? சுரண்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பது அங்கே நின்றபோது உறைத்தது.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வந்தது. கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட பாதையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் ராஜராஜன் காலத்துச் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுக்குப் பின் வந்தவர்கள் அதன் மேல் சுண்ணாம்பு பூசித் தங்கள் ஓவியத்தைத் தீட்டியிருந்தார்கள். அந்தச் சுண்ணாம்புப் போர்வைக்கு அடியில் சோழர் வண்ணம் பிழைத்துக் கிடந்தது. தொல்லியல் துறையினர் பின்னாளில் மேல் ஓவியங்களில் 16-ஐச் சிதையாமல் பெயர்த்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் பதித்து வைத்தார்கள். கீழே இருப்பது பெரிது என்பதற்காக மேலே இருப்பதைக் குப்பையில் போடவில்லை.

அஜந்தாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. நிஜாம் அரசு 1920-22-ல் இத்தாலிய நிபுணர்களை வரவழைத்து ஓவியங்களைக் காப்பாற்ற முயன்றது. நல்லெண்ணத்தோடு அவர்கள் பூசிய வார்னிஷ் காலப்போக்கில் பழுப்பேறி வண்ணங்களை மறைத்தது. அதை அகற்றப் பிற்காலத்தில் பல்லாண்டு பாடுபட வேண்டியதாயிற்று.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் மனைவியிடம் சொன்னேன், "தஞ்சாவூர்லயும் மூடினாங்க, நானும் மூடினேன். அங்கே பிழைச்சுது, இங்கே அழுகிப் போச்சு."

"அவங்க சுண்ணாம்பால மூடினாங்க" என்றாள்.

மறுபடியும் மூடினோம்

கொடியைச் சுரண்டவில்லை. அந்தப் பழைய பச்சையில் என்ன கலந்திருக்கிறதோ, அதன் தூசைப் பேரன் படுக்கும் அறையில் கிளப்புவானேன் என்பது ஒரு காரணம். பாதி உடைத்துப் பாதி காட்டுவதைவிட முழுசாக விட்டு வைப்பது மேல் என்பது இன்னொன்று.

மேஸ்திரி நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டுப் பிசைந்து கீழ்ப் பகுதியைப் பூசினார். சிமெண்ட் ஒரு சட்டிகூடச் சேர்க்க விடவில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாக மாறும், அதற்கு அவசரமில்லை. மழைக்காலம் முழுவதும் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். புரட்டாசியில் கொடியின் மேலும் சேர்த்து மூன்று முறை வெள்ளையடித்தோம். மூலையில் ஒரு சாண் அளவு மட்டும் கொடியை மூடாமல் விட்டிருக்கிறோம்.

தசராவுக்கு மகளும் பேரனும் வந்தார்கள். அந்த அறையில்தான் கொலு வைத்தோம். முதல் மூன்று நாள் பேரனைப் பின்னறையிலேயே படுக்க வைத்தோம். நான்காம் நாள் பொம்மைகளுக்குப் பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம் பிடித்து அங்கேயே தூங்கினான். நானும் மனைவியும் கூடத்தில் விழித்துக்கொண்டு படுத்திருந்தோம். விடியும்வரை இருமல் சத்தம் இல்லை. குழந்தை வளர்ந்ததாலா, மருந்தாலா, சுவராலா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் இனிமேல் அப்படியெல்லாம் அடித்துச் சொல்வதில்லை.

காலையில் எழுந்து வந்தவன் சட்டை முதுகெல்லாம் வெள்ளை. "தாத்தா, சுவர் என் மேல ஒட்டிக்கிச்சு" என்றான். தட்டினால் போய்விடும் என்றேன்.

கேட்ட நண்பருக்கு ஒரு வார்த்தை. தாளை உரிப்பதற்கு முன் வெளியே போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.